நாற்பதுக்கு மேல் கடலடி வேலைக்குப் போவது எப்படி?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். வயது நாற்பத்து மூன்று. கடலுக்கடியில் வேலை செய்யப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "உனக்கு நீச்சலே அரைகுறைதானே ஐயா?"

நியாயமான கேள்வி. ஆனால் முக்குளிப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பது நீந்துவதற்காக அல்ல, கீழே போய்ச் செய்யும் வேலைக்காக. வெல்டிங், இரும்பு வெட்டுதல், போல்ட் முடுக்குதல் என்று ஏதாவது ஒரு கைத்தொழில் இருந்தால் இந்த வயதிலும் இடம் உண்டு. இல்லையென்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. பணம் கட்டுமுன் மருத்துவரைப் பாருங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முக்குளிப்பு மருத்துவம் தெரிந்தவரிடமே போக வேண்டும். நுரையீரல், காது, இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே உள்ளிழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். ஆஸ்துமாவால் மூச்சுக்குழல் ஒன்று அடைத்திருந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடலாம்.

நம் வயதுக்காரரிடம் இதயத்தைத்தான் அதிகம் சந்தேகப்படுவார்கள். என்னை ஓடவிட்டு ஈசிஜி எடுத்தார்கள். அதற்கு முன் மூன்று மாதம் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை வாரத்துக்கு நான்கு நாள் ஏறினேன். முதல் வாரம் பாதிவழியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றையும் குறைத்தேன், அதுதான் பெரிய விரதம். தேறியதோடு முடியாது, இந்தச் சோதனை ஆண்டுதோறும் உண்டு.

2. இருட்டு ஒத்துவருகிறதா?

பொழுதுபோக்கு ஸ்கூபா வகுப்பு ஒன்றில் சேருங்கள். பாயார் தீவில் மீன் பார்க்கலாம், மனம் குளிரும். பிறகு பட்டர்வொர்த் பெர்ரிப் படகில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். பாலத்தூணும் கப்பலின் அடிவயிறும் இருப்பது அந்தக் கலங்கலில். அங்கே உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணைக் கட்டி, தடித்த கையுறை மாட்டி, வாளித் தண்ணீருக்குள் பத்து போல்ட் நட்டுகளைக் கழற்றி மாட்டுங்கள். ஒன்று நழுவினால் நிதானமாகத் தேடுகிறீர்களா, எரிந்து விழுகிறீர்களா என்று மனைவி பார்க்கட்டும். நான் ஆறாவது போல்ட்டில் கத்தினேன். இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

3. சான்றிதழை நீங்களே சரிபாருங்கள்

ஸ்கூபா அட்டையைக் காட்டி இங்கே வேலை கேட்க முடியாது. தொழில் முக்குளிப்பில் காற்று மேலிருந்து வரும். காற்றுக்குழாய், பேச்சுவடம், ஆழம் அளக்கும் சிறுகுழாய் மூன்றையும் சேர்த்துக் கட்டியதுதான் அம்பிலிக்கல், அதாவது தொப்புள்கொடி. முதுகிலுள்ள சிலிண்டர் ஆபத்துக்கு மட்டும்.

எண்ணெய்த் தளங்களில் ஐஎம்சிஏ என்னும் பன்னாட்டுச் சங்கம் ஏற்ற சான்றிதழைக் கேட்பார்கள். நான் முதலில் சேர்ந்த பயிற்சி மையத்தின் சான்றிதழ் அந்தப் பட்டியலில் இல்லை. சேமிப்பில் பாதி போனபிறகுதான் தெரிந்தது. தரகர் பேச்சை விடுங்கள், பட்டியலைத் திறந்து பாருங்கள்.

4. முதலில் மேலே நில்லுங்கள்

தொடக்கத்தில் டெண்டர், அதாவது மேலே நின்று உதவும் ஆள் வேலைதான் கிடைக்கும். கீழே இருப்பவரின் அம்பிலிக்கலை விடுவதும் இழுப்பதும் உங்கள் பொறுப்பு. தளர்ந்தால் சிக்கும், இறுகினால் ஆளையே இழுக்கும். என் மேற்பார்வையாளருக்கு இருபத்தேழு வயது. "அண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார். அதை விழுங்கத் தெரியாவிட்டால் பட்டறையிலேயே இருந்துவிடலாம்.

காற்றை மட்டும் சுவாசித்துச் செய்யும் வேலைக்கு 50 மீட்டர்தான் எல்லை. அதற்கு வெகு கீழே போகிறவர்கள் பெரும்பாலும் வாரக்கணக்கில் அழுத்த அறையிலேயே வாழ்வார்கள். அந்த ஆசை நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பயிற்சிக்குக் கட்டும் பணத்தில் சிஸ்விப் 3.1யூ என்ற கடலடி ஆய்வுச் சான்றிதழ் எடுக்கலாம். வெல்டருக்கு விரிசல் எங்கே வரும் என்று தெரியும்.

இறங்குமுன் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: பக்கத்தில் நீர் உறிஞ்சும் குழாய் இருக்கிறதா? வால்வு திறந்திருந்தால், உள்ளே பாயும் நீர் ஆளைச் சுவரோடு அப்பிவிடும், எத்தனை பேர் இழுத்தாலும் வராது. "அடைத்தாயிற்று அண்ணே" என்று யாராவது சொன்னால் நான் இறங்குவதில்லை. வால்வில் பூட்டு தொங்க வேண்டும், சாவி எங்கள் குழுவிடம் இருக்க வேண்டும்.