லேக் பவலில் விடியற்காலை கயாக்: முதலில் மணியைச் சரிபாருங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பேஜ் ஊரிலிருந்து வழிகாட்டியோடு கிளம்பி, லேக் பவல் ஏரியில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்டிக்கொண்டே சூரிய உதயம் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. துடுப்பைத் தொட்டே பார்க்காதவர்களும் போகலாம். நான் சொதப்பியது தண்ணீரில் இல்லை, அலாரத்தில். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. மணி என்ன?

அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுவதில்லை. பேஜுக்குச் சில மைல் வடக்கே யூட்டா மாநிலம், அங்கே மாற்றுவார்கள். ஊரை ஒட்டியிருக்கும் நவஹோ நேஷன் என்ற பழங்குடியினர் தன்னாட்சி நிலமும், அரிசோனா எல்லைக்குள்ளேயே இருந்தாலும், மாற்றும். ஆக, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, பேஜில் நாலு மணி என்றால் பக்கத்தில் ஐந்து. செல்போனோ எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்து மணியைக் காட்டும்.

மூன்றரைக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். போன் இரவில் யூட்டா நேரத்துக்குத் தாவிவிட்டது. அலாரம் அடித்தபோது பேஜில் இரண்டரை. அது தெரியாமல் அரக்கப்பரக்கக் கிளம்பி, சந்திக்கச் சொன்ன இடத்துக்குப் போனால் ஈ காக்கை இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். காருக்குள் குளிரில் சுருண்டு கிடந்து, முதல் வண்டியின் வெளிச்சம் தெரிந்தபோதுதான் உயிர் வந்தது.

தீர்வு எளிது. போனில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டு, நேர மண்டலத்துக்கு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைத் தேர்ந்தெடுங்கள். டென்வரை எடுத்துவிடாதீர்கள், அது கோடையில் மாறும் நேரம். என்னைக் கேட்டால், பத்து டாலர் கைக்கடிகாரம் இதற்கெல்லாம் மேல். யூட்டா பக்கம் கனாபில் தங்கினால், அரிசோனா நேரப்படி 4:30க்கு வரச் சொல்லியிருந்தால், உங்கள் அறைக் கடிகாரத்தில் அது 5:30. ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டவும் வேண்டும்.

2. முன்பதிவு

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தண்ணீரில் இறங்குவது எத்தனை மணிக்கு?” ஜூனில் ஐந்து மணியை ஒட்டியே சூரியன் உதித்துவிடும். ஆறு மணிக்கு இறக்கிவிட்டால் அது காலைச் சவாரி, அவ்வளவுதான். சீக்கிரம் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பும், மோட்டார் படகுகளும் வந்துவிடும்.

3. உடை

பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, விடியற்காலையில் உடம்பு நடுங்கும். சீக்கிரம் காயும் துணி, மேலே ஒரு காற்றுத்தடுப்பு, கண்ணாடிக்குக் கயிறு. டிரை பேக்கை (தண்ணீர் புகாத பை) சுருட்டி மூடும்போது மூன்று சுற்றாவது சுற்றுங்கள். ஒரு சுற்றோடு விட்டால் அது வெறும் பை.

4. கரையிலேயே செய்ய வேண்டியது

கால் வைக்கும் கட்டையை உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் லேசாக மடிந்து, பாதம் கட்டையில் அழுந்த வேண்டும். கால் பிடிமானம் இல்லாமல் துடுப்புப் போட்டால் கை மட்டும் வேலை செய்யும். அரை மணியில் தோள் கழன்றுவிடும். வலப்பக்கம் துடுப்பைப் போடும்போது வலது பாதத்தை அழுத்தி, இடுப்புக்கு மேல் உடம்பையே திருப்புங்கள். கை கூடவே வரும். துடுப்பை இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம்.

5. தண்ணீரில்

அன்டிலோப் பாயின்ட் என்ற படகுத்துறையில் இறங்கினால், அன்டிலோப் பள்ளத்தாக்கின் வாய் வரை திறந்த நீர். படகு அலை வந்தால் ஓடப் பார்க்காதீர்கள். கயாக்கின் மூக்கைச் சற்றுச் சாய்வாக அலையை நோக்கித் திருப்பி, துடுப்புப் போட்டுக்கொண்டே இருங்கள். பாறைச் சுவரில் மோதித் திரும்பி வரும் அலையும் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

உள்ளே போனபின் சூரியன் தெரியாது! நான் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி துடுப்பால் மேலே காட்டினார். சுவரின் உச்சி மட்டும் செம்மண் நிறத்தில் பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சம் மெல்ல இறங்கி, கீழேயுள்ள வெள்ளைப் பட்டைக்கு வந்தது. அது சுண்ணாம்புப் படிவு. 1963இல் கிளென் கேன்யன் அணையால் நிரம்பத் தொடங்கி, 1980இல் முதன்முறை முழுதாக நிரம்பிய ஏரி, வற்றும்போது பாறையில் விட்டுப்போன கோடு. வெளிச்சம் அந்தப் பட்டையைத் தாண்டித் தண்ணீரைத் தொடும் வரை யாரும் துடுப்பை அசைக்கவில்லை.

சேர்த்தது: இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டினால் புகழ்பெற்ற அன்டிலோப் குறும்பள்ளத்தாக்கையும் காட்டுவார்களா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. அதன் அப்பர் (மேல்), லோயர் (கீழ்) பகுதிகள் இரண்டும் நவஹோ நிலத்தில் இருப்பவை. அதற்குத் தனிச் சீட்டு, நவஹோ வழிகாட்டி. நீங்கள் கயாக்கில் நுழைவது அதே பள்ளத்தாக்கின் ஏரிப் பக்க முனை.

மறுபடி சேர்த்தது: சொந்தக் கயாக் கொண்டுவருபவர்கள், கிளம்பும் முன் தண்ணீரை வடித்து, கழுவி, நன்றாகக் காயவையுங்கள். இந்த ஏரியில் குவாகா சிப்பி பரவியிருக்கிறது. உங்கள் படகில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும்.