பொன்னாங்காணித் தண்டை எறியாதீர்கள்

சந்தையில் பொன்னாங்காணிக் கட்டு வாங்கினால், இலையை ஆய்ந்து சுண்டலுக்கு எடுத்துக்கொண்டு தண்டை மண்ணில் ஊன்றிவிடுங்கள். சிங்களத்தில் ‘முக்குனுவென்ன’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதே கீரைதான். வாடாத, கொஞ்சம் முற்றிய தண்டாகப் பார்த்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி ஒடித்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகுமாறு நட வேண்டும். லயத்து வாசலில் பழைய உரப்பை இருந்தால் நன்றாகக் கழுவி, அதில் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினாலே போதும். இந்தக் கீரைக்குக் கணுவில்தான் வேர்விடும். அதனால் விதை தேவையில்லை. வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளினால் பக்கத்தில் புதுக் கிளை வரும், திரும்பத் திரும்பப் பறிக்கலாம். டவுனுக்குப் போகும் பஸ் காசும் மிச்சம்.

நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும்போது இது சரிவராது, தளிர் கருகிவிடும். தேயிலைக்கு மருந்தடிக்கும் மலையோரத்திலும், கழிவுத் தண்ணீர் ஓடும் கான் பக்கத்திலும் நடவே வேண்டாம். அங்கே எவ்வளவு செழிப்பாக வளர்ந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.