மட்டக்களப்பு வெக்கைக்கு மர வீடு கட்டுறதெண்டா

யூடியூப்ல வாற மர வீட்டைப் பார்த்துட்டு அதே மாதிரி கட்டித்தாங்க எண்டு ஓடாவியார்ட்ட (மர வேலை ஆள்) போறதுக்கு முதல் ஒண்டை விளங்கிக்கோங்க, அதுல முக்காவாசி குளிர் நாட்டு வீடு, சூட்டை உள்ளுக்கு பிடிச்சு வைக்கத்தான் அவங்க காத்தே புகாம அடைக்கிறாங்க. நமக்கு சூடு வெளிய போகணும். கல்லுச்சுவர் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சிட்டு ராவைக்குத்தான் கக்கும், பலகைச்சுவர் பொழுதுபட்டு கொஞ்ச நேரத்துல ஆறிரும். ஏசி இல்லாம ஃபேனோட படுக்கலாமெண்டா அது இந்தக் குணத்தாலதான்.

வீட்டுட நீளத்தை கிழக்கு மேற்கா போடுங்க. நம்மட பக்கம் ஏப்ரல் முன்பாதியிலயும் செப்டெம்பர் தொடக்கத்திலயும் சூரியன் உச்சிக்கு நேர வரும், மத்த மாசமும் பெரிசா சரியாது, அதால நடுப்பகல் வெயிலை தாவாரமே (சுவருக்கு வெளிய நீட்டின கூரை விளிம்பு) மறைச்சிரும், சுவரைச் சுடுறது காலை வெயிலும் பின்னேர வெயிலும்தான். மேற்கால பாத்ரூம், சாமான் அறை எண்டு வைங்க, படுக்கிற அறை வேணாம். அறைகளை ஒரே வரிசையில போட்டா ஒவ்வொண்டுக்கும் எதிரெதிரா ஜன்னல் வைக்கலாம். கச்சான் காத்து, அதாவது மேற்கால இருந்து வாற சூட்டுக்காத்து, அடிக்கிற காலத்துல பகல்ல மேற்கு ஜன்னலை சாத்திட்டு ராவைக்கு திறங்க.

காசை கூரையில போடுங்க, சுவருக்கு இல்ல. வெறும் தகரம் போட்டா மத்த எல்லாம் வீண். ஓடு, அதுக்குக் கீழ அலுமினியத் தாள், தாளுக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒரு இஞ்சியாவது இடைவெளி, பிறகு சீலிங், சீலிங்குக்கு மேல சேர்ற சூடு போக முகட்டுல வலையடிச்ச வாசல். அஸ்பெஸ்டஸ் வேண்டவே வேணாம், அந்தத் தூசு நெஞ்சுக்கு கேடு.

தாவாரம் மூணு நாலு அடி நீட்டினா நிழலுக்கு நல்லம், ஆனா சூறாவளிக்கு அதுதான் பிடி. 1978 நவம்பர் 23ல அடிச்ச புயலை வீட்டுல பெரியாக்கள்ட்ட கேளுங்க. அதால விறாந்தைக் கூரையை தனியா, கொஞ்சம் பதிவா போடுங்க, அது பிடுங்கிட்டுப் போனாலும் வீட்டுக் கூரை நிக்கும். நாலு பக்கமும் சரிஞ்ச கூரை காத்துக்கு தாங்கும். கைமரத்தை (கூரையில சரிவா வாற மரம்) வளையோட (அதைத் தாங்குற குறுக்கு மரம்), வளையை தூணோட, தூணை அத்திவாரத்தோட இரும்புப் பட்டியும் போல்டும் போட்டு இறுக்கணும், வெறும் ஆணி காணாது. கல்லடி, கல்முனை மாதிரி கடலோரமெண்டா உப்புக்காத்து சாதா இரும்பை தின்னிரும், நாகம் (துத்தநாகம்) பூசினது வாங்குங்க.

மரம். முதிரையும் பாலையும் காட்டுல மெதுவா வளர்றது, வீடு முழுக்க அதுலயே கட்டணும் எண்டு நிக்கிறது எனக்கு சரியாப் படல்ல. தூணுக்கும் வளைக்கும் மட்டும் வைச்சுக்கோங்க, அதுவும் உடைச்ச பழைய வீட்டு மரம் கிடைச்சா இன்னும் நல்லம், நல்லாக் காய்ஞ்சிருக்கும். ஓடு தாங்குற சலாகைக்கு முத்தின பனை, உள் பலகைக்கு வேம்பு, தேக்கு. வளவுல நிக்கிற பலாவோ பெண்பனையோ தறிக்கிறதெண்டா முதல்ல பிரதேச செயலகத்துல அனுமதி எடுங்க, வாங்குற மரத்துக்கும் பெர்மிட் இருக்கா எண்டு பாருங்க. பச்சை மரத்துல கட்டினா பலகை வளைஞ்சு சந்து விடும், ஒரு இஞ்சித் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருசம் நிழல்ல காயணும் எண்டுறது பழைய கணக்கு. மரத்துட வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியை சீவிடுங்க, கறையான் முதல்ல அதுலதான் வாய் வைக்கும். போரக்ஸ், போரிக் அமிலக் கரைசல் நல்ல மருந்து, ஆனா மழை பட்டா கழுவிட்டுப் போயிரும், உள் மரத்துக்கு மட்டும்தான் சரி.

தூணை மண்ணுல புதைக்காதீங்க. கொங்கிறீட் கட்டை, அதுக்கு மேல விளிம்பு கீழ மடிச்ச தகரத் தொப்பி, அதுக்கு மேலதான் மரம். நிலத்துல இருந்து ரெண்டு அடியாவது தூக்குங்க, வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கமெண்டா பழைய வெள்ளம் எவ்வளவு ஏறினது எண்டு அயல்ல விசாரிச்சு அதுக்கும் மேல. (யானை வாற ஊரெண்டா நெல் மூட்டையை வீட்டுக்குள்ள வைக்காதீங்க, அது கல்லு வீட்டையும் விடாது.) வீட்டுக்குக் கீழ விறகு, சாமான் அடுக்காம வெறுமையா விடுங்க, கறையான் மண்பாதை கட்டி ஏறினா குனிஞ்சு பார்த்தவுடன தெரியணும், மாரி முடிஞ்ச கையோட ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பாருங்க.