வீட்டுக்காப்பீடு: கடன் தொகையைப் பார்த்து எழுதாதீர்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அதற்கப்புறம்தான் நம் பக்கம் வீட்டுக்காப்பீடு பற்றி விசாரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் புதிதாக வந்த ஏஜென்ட் பிள்ளைகள் நிரப்பும் படிவங்களில், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள். பெயர், கதவு எண் தப்பானால் திருத்திக்கொள்ளலாம். கீழே இருப்பவை அப்படியல்ல.

கடன் எவ்வளவோ அவ்வளவுக்கே எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. அரூரிலிருந்து ஒருவர் பாலிசியோடு வந்தார். 1,000 சதுர அடி வீடு, காப்பீட்டுத் தொகை 12 லட்சம். ஏன் 12 என்று கேட்டேன். "லோன் அவ்வளவுதானே சார்" என்றார். சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தாலும், திரும்பக் கட்ட 22 லட்சம் வேண்டும். வீடு முழுதாகப் போனால் கட்டடத்துக்கு 12 லட்சத்துக்கு மேல் வராது. அதிலும் வங்கி தன் பாக்கியை எடுத்தது போகத்தான் கைக்கு வரும்.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக்காப்பீட்டுப் பாலிசியில் கணக்கு தெளிவாகவே இருக்கிறது: வீட்டின் பரப்பளவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. 22 லட்சத்துக்கு எழுதியிருந்தால் ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டிலுக்கு 4.4 லட்சம் வரை கிடைக்கும். 12 என்று எழுதியதால் அதுவும் 2.4 ஆகிவிட்டது. வருடப் பிரீமியத்தில் மிச்சமானது சில நூறு ரூபாய்!

ஓசூரில் நேர்மாறு. மனை விலையையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். வீடு இடிந்தாலும் மனை அங்கேயேதான் இருக்கும். அதற்குப் பிரீமியம் கட்டுவது வீண்.

கடன் பாதுகாப்புப் பாலிசியை நம்பி இருப்பது

அது கடன் வாங்கியவரின் உயிருக்கு. வீட்டுக்குத் தனியாக எடுங்கள்.

திருட்டுக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பது

பாரத் கிருஹ ரக்ஷாவில் வெள்ளம், தீ போன்றவற்றைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் இழப்பீடு. ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தால் கிடையாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். நகைக்கும் அப்படியே.

சுவர் ஓதம், நாள்பட்ட ஒழுகலுக்குக் கேட்பது

கிடைக்காது.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வருமுன் வீட்டைக் கழுவிவிடுவது

சுவரில் தண்ணீர் நின்ற கோடும், சேறு அப்பிய மெத்தையும்தான் உங்கள் சாட்சி. முதலில் போனில் படம் எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். விளக்குமாறு அப்புறம்.