மாடிப்படி விளக்குக்கு டூ-வே சுவிட்ச் இணைக்கும் முறை

மாடிப்படியின் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டில் எதைத் தட்டினாலும் நடுவிலுள்ள விளக்கு எரியவோ அணையவோ வேண்டும். இரண்டு டூ-வே சுவிட்சுகளும் அவற்றுக்கிடையே ஓடும் இரண்டு வயர்களும் இருந்தால் இது முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பழைய போர்டுகளைக் கழற்றி மாடுலர் சுவிட்சுகளைப் பொருத்தியபோது இந்த இணைப்பை நானே கொடுத்தேன். ஏற்கெனவே உள்ள குழாயில் வயரையும் சுவிட்சையும் மாற்றுகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சுவரை வெட்டிப் புதிய லைன் இழுப்பதானால் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துச் செய்வதுதான் முறை.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது மட்டும் போதாது. படி விளக்கு பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும் என்பதால், ஈ.பி. கரண்ட் நின்ற பிறகும் பேட்டரியின் தயவில் அந்தப் போர்டுக்கு 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். கரண்ட் இல்லை என்பதை உறுதிசெய்ய, கைப்பிடிக்குள் சிறு விளக்கு எரியும் டெஸ்டரை நான் நம்புவதில்லை. பக்கத்து வயரின் தூண்டலால் கரண்ட் இல்லாத வயரிலும் அது மங்கலாக எரியும்; நாம் ரப்பர் செருப்போடு மரப்பலகை மேல் நின்றால், கரண்ட் உள்ள வயரிலும் எரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்து வரும் வேலைக்கும் அதுதான் உதவப் போகிறது.

டூ-வே சுவிட்சின் பின்புறம் மூன்று திருகுகள் இருக்கும். அவற்றில் ஒன்று காமன். மற்ற இரண்டும் காமனோடு மாறிமாறிச் சேர்கின்றவை. இந்தக் காமனைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. பழைய பியானோ வகை சுவிட்சுகளில் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும், நடுவில் இருப்பது காமன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மாடுலர் சுவிட்சுகளில் ஒரு கம்பெனி நடுவில் வைத்தால் இன்னொரு கம்பெனி ஓரத்தில் வைக்கிறது, மேலே அச்சிட்ட எழுத்தும் பல சமயம் தெளிவாக இருப்பதில்லை. ஆகவே வயர் எதையும் இணைக்கும் முன், சுவிட்ச் கையில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். மீட்டரை, இரு முனைகளுக்கிடையே இணைப்பு இருந்தால் பீப் ஒலி தரும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஏதேனும் இரண்டு திருகுகளைத் தொட்டபடி சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். ஒரு நிலையில் ஒலித்து மறுநிலையில் நின்றுவிட்டால், அந்த இரண்டில் ஒன்று காமன். எப்படித் தட்டினாலும் ஒலிக்காத ஜோடி ஒன்று கிடைக்கும். அந்த இரண்டையும் விட்டு மீதமிருக்கும் திருகே காமன். அதன் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த சுவிட்சையும் இதேபோல் பாருங்கள்.

இணைப்பு இதன் பிறகு எளிது. கீழ்ப் போர்டுக்குக் கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் வயரைக் கீழ் சுவிட்சின் காமனில் கொடுங்கள். கீழ் சுவிட்சின் மற்ற இரண்டு திருகுகளிலிருந்து இரண்டு வயர்களை மேல் சுவிட்சின் மற்ற இரண்டு திருகுகளுக்குக் கொண்டுசெல்லுங்கள். இந்த இரண்டும் தங்களுக்குள் இடம் மாறினாலும் பாதகமில்லை. மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு வயர் விளக்குக்குப் போகும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் எந்த சுவிட்சிலும் நுழையாமல் நேராக விளக்குக்கே போக வேண்டும். ஃபேசுக்குச் சிவப்பு, நடுவே ஓடும் இரண்டுக்கும் மஞ்சளும் நீலமும், நியூட்ரலுக்குக் கறுப்பு என்று வைத்துக்கொண்டால் பின்னால் திறந்து பார்க்கிறவருக்கும் புரியும்; எர்த்துக்கு உரிய பச்சையை வேறு எதற்கும் தொடாதீர்கள். விளக்குக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் போதுமானது என்றாலும் நான் 1.5 பயன்படுத்துகிறேன். பல இழை வயரின் முனையை முறுக்கி, மடக்கி இரட்டையாக்கிச் செருகினால் திருகு நன்றாகக் கவ்வும், செம்பு வெளியே தெரியாது. பிளேடால் சீவினால் இழைகள் அறுபடும் என்பதால் ஸ்டிரிப்பர்தான் என் தேர்வு.

எல்லாவற்றையும் மூடி, கரண்ட் கொடுத்த பிறகு நான்கு நிலைகளையும் சோதியுங்கள். கீழே ஒரு குறிப்பிட்ட பக்கம் தட்டியிருந்தால்தான் மேல் சுவிட்ச் வேலை செய்கிறது என்றால், ஏதோ ஒரு சுவிட்சில் காமன் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். விளக்கையோ வயரையோ சந்தேகப்பட வேண்டாம். இந்த சுவிட்சுக்கு மேலே கீழே என்று நிரந்தரமான ஆன், ஆஃப் கிடையாது என்பதால், பல்பு மாற்றும்போது சுவிட்ச் இருக்கும் நிலையை நம்பாமல் அந்த லைனுக்கான தானியங்கி சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள்.

வயரை மிச்சப்படுத்த ஒரு குறுக்குவழி சில வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. இரண்டு போர்டிலும் அங்கங்கே கிடைக்கும் ஃபேசையும் நியூட்ரலையும் சுவிட்சின் பக்கத் திருகுகளில் கொடுத்து, இரண்டு காமன்களையும் விளக்கின் இரு முனைகளுக்குக் கொண்டுபோவார்கள். விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் இரு முனைகளிலும் ஃபேஸ் நிற்கக்கூடும். த்ரீ-ஃபேஸ் வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேசிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால், விளக்கின் குறுக்கே ஏறத்தாழ 400 வோல்ட் விழும். பழைய வீட்டில் இப்படி ஓர் இணைப்பைக் கண்டால் கழற்றிப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்தவர்கள் கேட்ட இரண்டு சிக்கல்களைச் சேர்க்கிறேன். சுவிட்ச் போட்டவுடன், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால், ஃபேஸ் கீழ்த்தள சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் மாடி சர்க்யூட்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்றே கவனிக்கிறது. திரும்புவது வேறு வழியில் போனால் அது கசிவு என்று எண்ணி விழுந்துவிடும். இரண்டையும் ஒரே சர்க்யூட்டிலிருந்து எடுத்தால் சரியாகும். இரண்டாவது, அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்குவது. சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், ஒரே குழாயில் நெடுந்தூரம் சேர்ந்து ஓடும் வயர்களிடையே தூண்டலாகும் மிகச் சிறிய கரண்டே காரணம், வேறு தயாரிப்பு பல்பு ஒன்றை மாட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.