பூங்காவில் இசை, குழாயில் தண்ணீர்: நகர்மன்ற விவாதத்தைத் தீர்மானமாக்குவது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளிலும், பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை போன்ற சிற்றூர்களிலும் மன்றக் கூட்டம் என்றாலே குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை ஆகிய மூன்றும்தான் முதலில் எழும். இவற்றுக்கு நடுவே, பூங்காவில் மாலை நேரத்தில் இசை ஒலிக்கச் செய்யலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னால், "குடிக்கத் தண்ணீர் வரவில்லை, பாட்டு ஒரு கேடா?" என்ற மறுப்பு வருவதும், இரு தரப்பும் உரக்கப் பேசி ஓய்ந்த பின் எதுவும் எழுதப்படாமலே அடுத்த பொருளுக்குச் செல்வதும் எளிதில் நடக்கக்கூடியவை. தண்ணீரும் வேண்டும், பூங்காவில் இசையும் வேண்டும் என்று விரும்பும் குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும் வார்டு மக்களுக்கும், இந்த இரண்டு கோரிக்கைகளையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் மன்றத்தின் தீர்மானப் புத்தகம் வரை கொண்டு செல்வதற்கான நடைமுறையை இங்கே எழுதுகிறேன். கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேசினாலும், பின்னால் அலுவலரைக் கேள்வி கேட்கக் கைகொடுப்பது அந்தப் புத்தகத்தில் ஏறிய வாசகம் மட்டுமே.

முதலில், எது யாருடைய பொறுப்பு என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் இணைத்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குரிய 18 பணிகள் உள்ளன. குடிநீர் வழங்கல், தெருவிளக்கு, பூங்கா மற்றும் விளையாட்டுத் திடல், பண்பாட்டு வளர்ச்சி ஆகியவை அனைத்தும் அந்த ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. ஆகவே, பூங்காவில் இசை கேட்பது மன்றத்தின் வேலைக்குப் புறம்பானது என்று யாரேனும் கூறினால், இந்த அட்டவணையைச் சுட்டிக்காட்டலாம்.

மின்வெட்டு அப்பட்டியலில் இல்லை. மின் விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கையில் உள்ளது. தெருவிளக்குக்கும் நீரேற்று மோட்டாருக்கும் ஆகும் மின் கட்டணத்தைச் செலுத்துவதும், எரியாத விளக்கை மாற்றுவதுமே உள்ளாட்சியின் பங்கு. எனவே, "எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போகிறது" என்பதை மன்றத்திற்குக் கொண்டுபோனால் அது வெறும் பேச்சாகவே முடியும்; "இந்த எண்ணுள்ள கம்பங்களில் விளக்கு எரியவில்லை" என்றால் அதற்கு ஆணையாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

பூங்காவிலும் இதே எச்சரிக்கை தேவை. கிருஷ்ணகிரி அணை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பதால், அணைப் பூங்காவைப் பற்றி நகர்மன்றத்தில் மனு கொடுத்துப் பயனில்லை. புதிய மனைப்பிரிவுகளில் "பூங்கா" என்று வரைபடத்தில் காட்டப்பட்ட இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். ஒப்படைக்கப்படாத இடத்தில் விளக்குப் போடுவதற்குக்கூட மன்றம் நிதி ஒதுக்கத் தயங்கும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், அதனால் பல்லில் கறையும் எலும்பில் வளைவும் ஏற்பட்டு வந்ததும் நம் வீடுகளுக்கே தெரிந்த துயரம். அதற்கு மாற்றாகவே, ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து ஊர் எல்லையிலுள்ள தொட்டி வரை கொண்டுவருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்குப் பகிர்வது நகராட்சி அல்லது பேரூராட்சியின் வேலை. தண்ணீர் வரவில்லை என்ற புகார் எழும்போது, தொட்டிக்கே வரவில்லையா, தொட்டியிலிருந்து தெருவுக்கு வரவில்லையா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால், நகராட்சி வாரியத்தைக் கைகாட்டும், வாரியம் நகராட்சியைக் கைகாட்டும்.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. காவிரி நீர் குறையும் நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை அதே மேல்நிலைத் தொட்டியில் கலந்து விடுகிறார்களா, கலந்தால் எந்த அளவில், கலந்த பின் ஃபுளூரைடு எவ்வளவு என்று எழுத்துமூலம் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மட்டும் சண்டையிட்டுவிட்டு, எந்தத் தண்ணீர் வருகிறது என்று கேட்காமல் திரும்புவது இந்த மண்ணில் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி.

"தண்ணீருக்குக் காசில்லை, பாட்டுக்கு ஏது?" என்பதற்குக் கணக்குச் சொல்லுங்கள்

இந்த வாதத்தைக் கோபத்தால் எதிர்கொள்ள வேண்டாம். நியாயமான அக்கறையிலிருந்து எழுவது அது. ஒரு தாளில் கணக்கை எழுதிக்காட்டுங்கள். 200 வாட் ஒலிபெருக்கிக் கருவி நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் முழுத் திறனில் இயங்கினாலும் 0.4 யூனிட், மாதத்திற்கு 12 யூனிட். 10 குதிரைத்திறன் நீரேற்று மோட்டார் ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறைய 7.5 யூனிட் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் நூறு, ஓர் இரவில் 11 மணி நேரம் எரிந்தால் 22 யூனிட். அதாவது, ஒரு மாத இசைக்கான மின்சாரம், நூறு தெருவிளக்குகளின் அரை இரவுச் செலவை ஒட்டித்தான் வருகிறது. பகலிலும் அணைக்காமல் விடப்படும் தெருவிளக்குகளைச் சரிசெய்தாலே இதைப்போலப் பல மடங்கு மிச்சமாகும் என்று சேர்த்துச் சொன்னால், தண்ணீரின் பக்கம் நிற்கும் உறுப்பினரும் உங்கள் பக்கம் வருவார்.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. கருவியை நாள்தோறும் போட்டு அணைப்பதற்கும், மழையில் நனையாமல் காப்பதற்கும், ஒலியைக் கூட்டச் சொல்லி வற்புறுத்துவோரை மறுப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும். பூங்காக் காவலரே இதைச் செய்வாரா, அவருக்கு அதற்கான ஊதியம் உண்டா என்பதை மனுவிலேயே எழுதாவிட்டால், இரண்டாம் மாதம் கருவி பழுதாகி மூலையில் கிடக்கும்.

ஒலி அளவும் அண்டை வீடுகளும்

இசைக் கோரிக்கை பெரும்பாலும் தோற்பது பணத்தால் அன்று, அண்டை வீட்டாரின் அச்சத்தால். அவர்கள் அச்சம் நியாயமானது. திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள், பூங்காவிலும் அதுவே வரும் என்று நினைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டே மனு எழுத உட்காருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இங்கே பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. எழுத்துமூல அனுமதியின்றி ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் ஒலிபெருக்கியில் இசை ஒலிப்பதே குற்றம். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் அளித்த தீர்ப்பு, கேட்க விரும்பாத ஒலியை ஒருவர் மீது திணிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று தெளிவாகக் கூறியிருக்கிறது.

விதி அனுமதிக்கும் உச்ச அளவைக் கேட்பதைவிட, நடைப்பாதையில் நடப்பவர் தம் துணையோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவைக் கேளுங்கள். இதற்கு ஒரு பெரிய ஒலிபெருக்கியைவிட, தாழ்வான கம்பங்களில் உள்நோக்கித் திருப்பப்பட்ட நான்கைந்து சிறிய பெட்டி ஒலிபெருக்கிகள் ஏற்றவை. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும் என்பதால், கேட்பவருக்கு அருகிலேயே மெல்ல ஒலிக்கும் பெட்டி வேலிக்கு அப்பால் அடங்கிவிடும். மனு கொடுப்பதற்கு முன் ஒரு மாலையில், பூங்காவை ஒட்டிய வீடுகளுக்கு நேரில் சென்று நேரத்தையும் அளவையும் சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டின் மறுப்பையும் மனுவில் மறைக்காமல் குறிப்பிட்டு, அதற்கு என்ன மாற்று என்று சேர்த்து எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நாட்களில் நிறுத்திவைப்பதாக நீங்களே முன்வந்து எழுதினால் பெற்றோர்களின் எதிர்ப்பு பெருமளவு தணியும்.

எதை ஒலிப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் நம்முடையவை. ஒரு சமயத்தின் பக்திப் பாடலோ, ஒரு கட்சிக்காரரின் திரைப்பாடலோ ஒலித்தால் அடுத்த கூட்டத்திலேயே பிரச்சினை எழும். வீணை, குழல், நாகசுரம் போன்ற கருவியிசை இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். பதிவிசைக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால், உரிமம் பற்றிய கருத்தையும் அலுவலகக் குறிப்பில் கேட்டுப் பெறுவது நல்லது. என்னைக் கேட்டால், நாள்தோறும் பதிவிசை ஒலிப்பதைவிட மாதம் ஓரிரு ஞாயிறு மாலைகளில் நேரடிக் கச்சேரிக்கு இடம் கேட்பதையே விரும்புவேன். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அதன் மாணவர்களுக்கு மேடை வேண்டும். தெருக்கூத்தும் பம்பையும் வேரூன்றிய வட்டாரம் இது. அக்கலைஞர்களுக்கு உள்ளூரிலேயே மதிப்பூதியத்தோடு ஒரு மாலை கிடைத்தால், பூங்காவுக்கும் அது பெருமை. பம்பைக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை; எனவே அதை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

மனுவிலிருந்து தீர்மானம் வரை

மன்றக் கூட்டத்தில் பேசுவோர் உறுப்பினர்கள் மட்டுமே. ஆதலால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் நேரில் சென்று, "ஐயா" அல்லது "அம்மா" என்று முறையாக அழைத்து, கோரிக்கையை எடுத்துரைத்து, கூட்டப் பொருளில் சேர்க்க எழுதித் தரும்படி கேளுங்கள். அதே மனுவை நகராட்சியில் ஆணையாளருக்கும், பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் கூட்டப்பட்டு வரும் பகுதி சபையும் இதற்கு நல்ல இடம். அங்கே மக்களே எழுந்து பேசலாம்.

தண்ணீரையும் இசையையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவைப்பது எளிது. தனித்தனி மனுக்கள், தனித்தனிப் பொருள் எண்கள் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் மனுவை முதலில் கொடுப்பது முறை. ஊரின் தேவையை உணர்ந்தவர்கள் என்ற நம்பிக்கையும் அதனால் பிறக்கும்.

கோரிக்கையை நீங்களே தீர்மான நடையில் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தின் வேலை குறையும், வாசகமும் சிதையாது. மாதிரிக்கு ஒன்று:

"வார்டு பூங்காவில் நாள்தோறும் மாலை 5.30 மணி முதல் 7.30 மணி வரை, பெட்டி வடிவ ஒலிபெருக்கிகள் நான்கின் வழியாக, பூங்கா வேலியருகே 55 டெசிபெலுக்கு மிகாத அளவில், மூன்று மாதங்களுக்குச் சோதனை முறையில் கருவியிசை ஒலிபரப்பவும், அதற்குக் காவல் துறையின் எழுத்துமூல அனுமதி பெறவும், செலவினத்தைப் பூங்காப் பராமரிப்புத் தலைப்பில் மேற்கொள்ளவும், பொறுப்பு அலுவலரை ஆணையாளர் நியமிக்கவும், மூன்றாம் மாத இறுதியில் பெறப்பட்ட புகார்களுடன் அறிக்கையை மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கவும் அனுமதிக்கப்படுகிறது."

நேரம், அளவு, காலவரை, செலவுத் தலைப்பு, பொறுப்பாளர் ஆகிய ஐந்தும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். "ஆவன செய்யப்படும்" என்று முடியும் தீர்மானத்தில் இவற்றுள் ஒன்றுகூட இருக்காது. குடிநீர் மனுவுக்கும் இதே அமைப்பு பொருந்தும்: எந்தத் தொட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதிக்குள் நீர்ப் பரிசோதனை, முடிவை எந்தப் பலகையில் ஒட்டுவது என்று எழுதுங்கள்.

கூட்டம் முடிந்த பின், பொருள் நிறைவேறியதா, ஒத்திவைக்கப்பட்டதா, வெறுமனே பதிவு செய்யப்பட்டதா என்பதை உறுப்பினரிடம் கேட்டறியுங்கள். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் பொதுத் தகவல் அலுவலரிடம் தீர்மான நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பொருள் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் எந்தக் காரணத்தால் என்பதை நகலில் பார்த்து, அந்தக் காரணத்திற்கு மட்டும் பதிலளித்து அடுத்த கூட்டத்திற்கு மனுவைத் திருத்திக் கொடுங்கள். நிறைவேறியும் பணி தொடங்காவிட்டால், நகலை இணைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கலாம். தீர்மான எண் இல்லாமல் அங்கே செல்லும் மனு, பெரும்பாலும் அதே நகராட்சிக்கே திரும்பி வரும்.

மூன்று மாதச் சோதனைக் காலத்தில் ஒரு குறிப்பேடு பூங்காக் காவலரிடம் இருக்கட்டும். இசை ஒலித்த நேரம், கருவி பழுதான நாள், வந்த புகார், அதற்கு ஒலி குறைக்கப்பட்டதா என்பவற்றை அவர் அன்றன்றே எழுதி, வாரம் ஒருமுறை சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கையொப்பமிட வேண்டும். கைப்பேசிச் செயலியில் வேலியருகே அளந்த டெசிபெல் எண் சட்டப்படி சான்றாகாது என்றாலும், ஒலி கூடிவிட்டதா என்று தெரிந்துகொள்ள உதவும். அறிக்கை மன்றத்திற்கு வரும் கூட்டத்திற்கு முன்பாக, இந்தக் குறிப்பேட்டின் நகலை உங்கள் வார்டு உறுப்பினரிடமும், முதலில் மறுப்புத் தெரிவித்த வீட்டாரிடமும் கொடுத்து, அவர்கள் எழுதித் தரும் கருத்தையும் அறிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள்.