வைகை மணலில் ரிமோட் டிரக்: டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீரற்ற மாதங்களில் வைகை ஆற்று மணலில் ரிமோட் டிரக் ஓட்ட விரும்புவோர், சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு புதையாமல் அதைப் பின்னோக்கித் தள்ளி முன்னேறும்படி, குறுக்கே உயர்ந்த தகடுகள் கொண்ட துடுப்பு டயர்களைப் பின்னச்சில் பொருத்த வேண்டும். பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் வண்டியாயின், முன்னே சுற்றுவாக்கில் வரிகள் உள்ள டயரே திருப்பங்களில் பிடிப்புத் தரும். வாங்குமுன் ரிம்மின் அறுகோணப் பொருத்து (சக்கரம் அச்சில் மாட்டும் ஆறுபக்க இடம்) 12 மில்லிமீட்டரா, 17 மில்லிமீட்டரா என்று அளந்துகொள்ளுங்கள்.

துடுப்பு டயர் மோட்டாரின் சுமையைக் கூட்டுவதால், பல் குறைந்த பினியனை (மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம்) மாட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மோட்டாரின் சூட்டைப் பார்ப்பது அவசியம். மதுரை வெயிலில் இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். தார்ச்சாலையில் இந்த டயர்கள் விரைவில் தேய்ந்துவிடும். திருமங்கலம் பக்கத்து ஈரக் கரிசலுக்கோ, மண் ஒட்டி அடைத்துக்கொள்ளாதபடி இடைவெளி விட்டு உயர்ந்த முளைகள் அமைந்த டயரே ஏற்றது.